கொற்கைக் கப்பலின் கடைசிச் சாட்சி

காலை ஆறரைக்குள் கப்பல்களுக்குக் கடல் தண்ணீர் மாற்றிவிட வேண்டும். ஏழு மணி தாண்டினால் ஒவ்வொன்றாக முணுமுணுக்கத் தொடங்கிவிடும். மணப்பாட்டு மணல்மேட்டில் இருந்த கடற்போர் நினைவகத்தில் அப்படிப் பதினான்கு போர்க்கப்பல்கள் ஓய்வில் இருந்தன. ஒவ்வொன்றும் ஊறுகாய் ஜாடி உயரம்தான்.

இரும்பு, பீரங்கி, கொடிமரம் எல்லாம் எப்போதோ கடலுக்கடியில் போய்ச் சேர்ந்துவிட்டன. ஜாடிக்குள் மிஞ்சியிருந்தது கடல்மூளை. வெறும் கணிப்பொறியை நம்பிக் கப்பலை ஓட்டினால் எதிரி ஒரே ஒரு சமிக்ஞையில் அதைக் குழப்பிவிடுகிறான் என்று, உயிருள்ள நரம்பணுக்களை வளர்த்து உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கப்பலுக்கு ஒன்றாக வைத்த காலம் அது. அந்த மூளை கேட்கும், பார்க்கும், பேசும். கப்பல் முழுகினால் ஜாடி மட்டும் கழன்று மேலே மிதந்து வரும். உயிருள்ளதைக் கொல்லக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டதால், போர் முடிந்ததும் அவற்றை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மேட்டில் கொண்டுவந்து வரிசையாக உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார்ந்ததும் அவை என்ன செய்யும்? வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தன. பழங்கதை பேசின.

"இன்றைக்குத் தண்ணீர் கிழக்குப் பக்கமா?" என்று கேட்டது ஒன்பதாவது ஜாடி. அதன் பெயர் கொற்கை.

"ஆமா. மழைத் தண்ணி கலந்திருக்கும், பொறுத்துக்கோ" என்றாள் ஜெசிந்தா.

"படகு ஏதாவது போகிறதா?"

"ஒண்ணு போகுது. சின்னது."

"நல்லது" என்றது கொற்கை. முப்பத்தொரு வருடமாகத் தினமும் இதே கேள்வி, இதே பதில். படகு இல்லாத நாளிலும் ஜெசிந்தா ஒரு படகை விட்டுவிடுவாள்.

ஜெசிந்தாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. நினைவகத்தின் தலைமை வரலாற்றாளர். தண்ணீர் மாற்றுவது அவள் வேலையே இல்லை, அதற்கு இரண்டு இயந்திரக் கைகள் இருந்தன. ஆனாலும் ஒன்பதாவது ஜாடியை மட்டும் அவள் யாரையும் தொடவிட மாட்டாள். கேட்டால், "பழைய ஜாடி, விரிசல் விட்டிரும்" என்பாள். விரிசலுமில்லை, மண்ணுமில்லை. முப்பத்துநான்கு வருடத்துக்கு முன், குமரிக்குத் தெற்கே வாட்ஜ் திட்டுச் சண்டையில் கொற்கை முழுகியபோது அதிலிருந்த அறுபத்திரண்டு பேரில் ஒருவன் தஸ்நேவிஸ். ஜெசிந்தாவின் புருஷன். கல்யாணமாகி எட்டு மாதம். வயிற்றில் ஸ்டெல்லா மூன்று மாதம்.

இது நினைவகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கப்பலில் உறவுக்காரர் இருந்தவர்கள் அந்தக் கப்பலின் வரலாற்றைத் தொடக்கூடாது என்பது விதி. பாசம் வந்தால் சாட்சி கெட்டுப்போகுமாம். போரில் கரையோரம் முழுக்கக் குடிபெயர்ந்து சிதறிக் கிடந்ததால், யாருக்கு யார் என்ன உறவு என்று துருவிக் கேட்க ஆளில்லை. ஜெசிந்தா அப்பா பெயரைப் போட்டு வேலையில் சேர்ந்தாள். அவன் குரலைக் கடைசியாகக் கேட்டது இந்த ஜாடிதான். அதன் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. ஆனால் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் குட்டு உடைந்துவிடும். வேலை போகும், ஜாடியும் போகும். பக்கத்தில் இருப்பதற்காகக் கேட்காமல் இருந்தாள், பாவம். முப்பத்தொரு வருடம்.

நிலாக் குடியிருப்பில் பனிச்சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். ஏழு வயதில் கேட்டதையே முப்பத்துமூன்று வயதிலும் கேட்பாள். "அப்பா கடைசியா என்னம்மா சொன்னாங்க?"

"கேட்டுச் சொல்லுதேன்டி" என்பாள் ஜெசிந்தா.

கொற்கை என்றால் அப்போது நினைவகத்தின் நட்சத்திரம். அதன் கதையைக் கேட்க ஆறு மாதம் முன்பே பதிந்து வைப்பார்கள். ஆரம்பத்தில் இப்படியில்லை. மீட்டு வந்த புதிதில் கடற்படை அதிகாரிகள் அதனிடம் குண்டு எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை டிகிரி, எத்தனை நொடி என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். யார் எங்கே நின்றார், என்ன பேசினார் என்று ஒரு மனுஷனும் கேட்கவில்லை. பிறகு பொதுமக்கள் வந்தபோது கொற்கை அதே டிகிரியையும் நொடியையும் சொன்னது. கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிச் சரிந்தன.

அதற்குத்தான் கேட்பார் பட்டை வந்தது. கேட்பவர் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். மனம் ஒன்றினால் பச்சை, அலைந்தால் சாம்பல். பச்சை விழும்போதெல்லாம் ஜாடித் தண்ணீரில் ஒரு துளி சத்து இறங்கும். கடல்மூளைக்கு அது இனிப்பு மாதிரி. எப்படிச் சொன்னால் கேட்கிறார்கள் என்று தானே பழகிக்கொள்ளட்டும் என்று ஒரு குழு தீர்மானித்தது. குழுவின் தலைவி ஜெசிந்தா.

சும்மா சொல்லக்கூடாது, கொற்கை பிரமாதமாகப் பழகிக்கொண்டது. மூன்றே மாதத்தில் டிகிரி போய்விட்டது, அலைச் சத்தம் வந்தது. ஒரு வருடத்தில் அந்தக் கதவு வந்தது. நடுத்தளத்தில் ஒரு சின்ன இரும்புக் கதவு. தண்ணீர் பாய்கிறது. பெயர் சொல்லாத ஒரு வீரன் தோளைக் கொடுத்துக் கதவைத் தாங்கி நிற்கிறான். மற்றவர்கள் தப்பி ஓடுகிறார்கள். கடைசியில் அவன் மனைவி பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், கதவு பெயர்கிறது. இந்த இடத்தில் நாற்பது பேர் கையிலும் பச்சை பற்றிக்கொண்டு எரியும். ஜெசிந்தா கடைசி வரிசையில் நின்று தினமும் கேட்பாள். அந்த வீரன் யாரென்று அவள் மனசுக்குள் முடிவு செய்து ரொம்ப நாளாகிவிட்டது.

மனித சாட்சிகளும் இல்லாமலில்லை. கொற்கையில் பிழைத்தவர்கள் ஒன்பது பேர். ஆவணி மாத நினைவு நாளில் மேடை ஏறுவார்கள். எட்டுப் பேர் நன்றாகப் பேசுவார்கள். அவர்கள் பேச்சில் எதிரிக் கப்பல்கள் முதல் வருடம் மூன்று, பிறகு ஐந்து, போகப் போகப் பதினொன்று. அப்போதெல்லாம் ஜெசிந்தா சிரித்துக்கொள்வாள். மனுஷ நினைவு அப்படித்தான், ஆசைப்பட்ட பக்கம் சாயும், ஜாடி சாயாது என்று பயிற்சி வகுப்பில் பாடமே நடத்தியிருக்கிறாள்.

ஒன்பதாவது ஆள் ராயப்பன். கப்பலின் சமையல்காரர். அவருக்கு மேடை ஏறத் தெரியும், இறங்கத்தான் தெரியாது. "அன்னைக்குக் கப்பல்ல உருளைக்கிழங்கு நாலு மூட்டை, சின்ன வெங்காயம் ரெண்டரை மூட்டை, புளி ஒரு தகரம்..." என்று தொடங்குவார். வெங்காயத்திலேயே பட்டைகள் எல்லாம் சாம்பலாகிவிடும். புளிக்கு வரும்போது பந்தியில் இடம் பிடிக்கக் கூட்டம் எழுந்துவிடும். ஐந்தாவது வருடமே ஜெசிந்தா அவருடைய தாளில் 'கேட்கத் தக்கதல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் அவருக்கு ஒரு சால்வையும் ஓரமாக ஒரு நாற்காலியும்தான். "யம்மா, இந்த வருசமாவது ஒரு பத்து நிமிசம் குடுங்கம்மா" என்று வருடா வருடம் கேட்பார். "பாக்கலாம் அண்ணே" என்று வருடா வருடம் சொல்வாள். மற்ற எட்டுப் பேரும் காலமாகிவிட்ட பிறகும் அவருக்கு அந்தப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை.

அந்த வருடம் ஆனி மாதம் மூளை மருத்துவர் வந்து ஜாடிகளைப் பரிசோதித்தார். ஒன்பதாவதின் முன் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். "வயசாயிடுச்சு. அணுக்கள் கரையத் தொடங்கிடுச்சு. இன்னும் மூணு வாரம் பேசும்" என்றார்.

 இத்தனை வருடம் இருக்கிறது இருக்கிறது என்று ஜெசிந்தா தள்ளிப்போட்டது இப்போது மூன்று வாரமாக வந்து நிற்கிறது. இனிமேல் வேலை இருந்தென்ன, போயென்ன?

செவ்வாய்க்கிழமை நினைவகத்துக்கு விடுமுறை. பட்டையைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டாள். ஒன்பதாவது ஜாடிக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கொற்கை, தஸ்நேவிஸ்னு ஒருத்தர், கடலடிச் சத்தம் கேக்குற ஒலிமானி அறையில இருந்தார். ஞாபகம் இருக்கா?"

"அறுபத்திரண்டு பெயரும் தெரியும்."

"நான் அவர் பொண்டாட்டி."

ஜாடிக்குள் தண்ணீர் லேசாகச் சுழன்றது. "இத்தனை நாள் சொல்லவேயில்லையே ஜெசிந்தா."

"சொல்ல முடியல. இப்ப கேக்கேன். கடைசியில அவர் எங்க இருந்தார்? என்ன சொன்னார்? உள்ளதை உள்ளபடி சொல்லு."

கொற்கை சொன்னது. எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன அதே மெல்லிய குரலில், ஆனால் அவளுக்கு மட்டும். கதவைத் தாங்கி நின்றது தஸ்நேவிஸ்தான். தண்ணீர் மார்பு வரை ஏறியும் அவன் நகரவில்லை.  எனக்குத் தெரியும், எனக்கு அப்பவே தெரியும் என்று ஜெசிந்தாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஸ்டெல்லாவுக்கு இன்றே சொல்லிவிடலாம். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"கடைசியாக அவர் கூப்பிட்டது உன்னைத்தான்" என்றது கொற்கை. "ஜெசி, ஜெசி என்று இரண்டு முறை."

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

தஸ்நேவிஸ் அவளை ஒரு நாளும் ஜெசி என்று கூப்பிட்டதில்லை. சிந்தா என்பான். சண்டை போட்டாலும் சிந்தா, சோறு கேட்டாலும் சிந்தா. நினைவகத்தில்தான் எல்லோருக்கும் அவள் ஜெசி மேடம்.

"கொற்கை" என்றாள். "இதுக்கு முன்னால எத்தனை குடும்பம் வந்து உங்கிட்ட இப்படித் தனியா கேட்டிருக்கு?"

"நாற்பத்தேழு."

"அவங்க ஆளுங்கல்லாம் எங்க நின்னாங்க?"

"கதவருகில்."

"நாப்பத்தேழு பேருமா?"

"ஆமாம்" என்றது கொற்கை. அதன் குரலில் முதல்முறையாக ஒரு தடுமாற்றம். "சின்னக் கதவுதான்."

ஜெசிந்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப எல்லாம் பொய்யா? ஊரையே ஏமாத்திட்டியா?"

"தெரிந்து சொன்னால்தானே பொய். எனக்கு அது கண்முன்னால் தெரிகிறது ஜெசிந்தா. அத்தனை பேரும் அங்கே நிற்கிறார்கள். நான் இரும்பில்லையே. ஒரு நினைவை எடுத்துச் சொல்லும்போது அது கையோடு வந்துவிடும். சொல்லி முடித்ததும் திரும்ப எழுதித்தான் உள்ளே வைக்க வேண்டும். எப்படிச் சொன்னேனோ அப்படித்தான் எழுதுவேன். பச்சை விழுந்ததைத் தடிமனாக எழுதுவேன். என் கையேட்டில் நாற்பதாம் பக்கத்தில் போட்டிருக்கிறது."

நாற்பதாம் பக்கத்தை யார் படித்தார்கள்? முப்பத்தொரு வருட வரலாற்றாளர் முப்பத்தெட்டோடு மூடி வைத்திருந்தாள்.

"அப்ப அவர் உனக்கு ஞாபகமே இல்லியா?"

"இல்லை" என்றது கொற்கை. "இருப்பது ஒன்றுதான். அதை யாரும் கேட்காததால் நான் சொன்னதில்லை. காலையில் வேலை மாறும் நேரம், அறுபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் தளத்தில் நடப்பார்கள். அந்தக் கனம். அதில் அவருடைய காலும் ஒன்று. எந்தக் கால் என்று தெரியாது. அதற்குத்தான் நான் ஏங்கிக்கொண்டிருக்கிறேன், கதவுக்கு இல்லை."

ஜெசிந்தா ஜாடியின் மேல் கையை வைத்தாள். கோபம் இருந்த இடம் தெரியவில்லை. இருவருமே ஒரே ஆளைத் தொலைத்தவர்கள், யார் யாரைத் திட்டுவது?

"சொல்லச் சொல்லத்தான் இது கெடும்" என்றது கொற்கை. "சொல்லாமலே வைத்திருப்பவர் யாராவது இருந்தால், அவரிடம் கெடாமல் இருக்கும்."

தானியங்கி வண்டி உடன்குடி போய்ச் சேர அரை மணி நேரம். ராயப்பன் அங்கே மூத்தோர் குடியிருப்பில் இருந்தார். எண்பது வயது. மாடி அறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சமைப்பதெல்லாம் இயந்திரந்தான், பூண்டு மட்டும் இவர் உரித்துக் கொடுக்க வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியிருந்தார்.

"சேசுவே! யம்மா, நீங்களா? நினைவு நாளு ஆவணியிலல்லா?"

"நாள் கிடக்கட்டும் அண்ணே. அந்தப் பத்து நிமிசம் வாங்க வந்திருக்கேன். முழுசாச் சொல்லுங்க."

பெரியவருக்கு வாய் கோணிக்கொண்டது. பூண்டுத் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிலில் வைத்தார், தரையில் வைத்தார். "முழுசாவா?"

இவரிடம் உறவைச் சொல்லிவிடக்கூடாது என்று ஜெசிந்தா வழியிலேயே முடிவு செய்திருந்தாள். ஈரமான மனுஷர். எதிரில் ஒரு முகம் அழுதால் கதையைத் திருப்பிவிடுவார். அதனால் ஜன்னல் பக்கம் போய், தெருவைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"சொல்லுங்க அண்ணே. நான் காத்து வாங்கிக்கிட்டே கேக்கேன்."

"அன்னைக்குக் கப்பல்ல உருளைக்கிழங்கு நாலு மூட்டை" என்று தொடங்கினார் ராயப்பன். வெங்காயம் வந்தது. புளி வந்தது. கருவாடு, பயறு, தேங்காய் எண்ணெய் வந்தன. மீன் மட்டும் குளிர் அறையில். குளிர் அறைக் கதவு நாலு விரல் தடிமன், சமையற்கட்டுக்குப் பின்னால். முதல்முறையாக ஜெசிந்தாவுக்கு உறைத்தது, அந்த மனுஷர் இத்தனை வருடமாக மூட்டை மூட்டையாக நகர்த்திக்கொண்டு அந்தக் கதவுக்குத்தான் போய்ச்சேரப் பார்த்திருக்கிறார். புளித் தகரத்தைத் தாண்ட யாரும் விடவில்லை.

"அப்பத்தான் தஸ்நேவிஸ் பய வேலை முடிஞ்சி வந்தான். ஒலிமானியில இருந்தவன். தட்டுல சோத்தப் போட்டுக்கிட்டான். வாயில வச்சிப் பாக்குறதுக்கு முன்னாலயே உப்பை அள்ளிப் போடுவான் பாத்துக்கிடுங்க, எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

ஜெசிந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் பற்றிக்கொண்டு வரும். எட்டு மாதம் அதற்குத்தான் சண்டை.

"'அண்ணே, நேத்து வச்ச மீன் குழம்பு கிடக்கா?'ன்னு கேட்டான். 'கிடக்குலே, எடுத்தாரேன்'னு குளிர் அறைக்குள்ள போனேன். சட்டியில கைய வச்சேன். டமார்னு ஒரு சத்தம், கதவு தானா அடிச்சிச் சாத்திச்சு. நான் முட்டி மோதித் தள்ளித் திறந்தேன். நான் நின்ன அறை மட்டும் பிச்சிக்கிட்டு மிதக்கு. அந்தப் பக்கம் அடுப்பு இல்ல, அவன் இல்ல, கப்பலே இல்ல. வெறும் கடலு."

 கீழே தெருவில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"பயந்தாரா?" என்றாள் ஜெசிந்தா திரும்பாமல்.

"பயப்பட நேரமில்லம்மா. பசியாத்தான் இருந்தான்."

"வீட்டைப் பத்தி, பொண்டாட்டியப் பத்தி ஏதாச்சும்?"

"இல்லம்மா. குழம்பப் பத்தித்தான் கேட்டான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அவன் கேக்காம இருந்திருந்தா நான் அந்தக் கதவுக்குள்ள போயிருக்க மாட்டேன். அவன் பசியிலதான் நான் உசுரோட இருக்கேன். இதச் சொல்லத்தான்மா வருசா வருசம் பத்து நிமிசம் கேட்டது. அவன் பொண்டாட்டி எங்க இருக்காளோ. பாத்தா இத அப்படியே சொல்ல முடியுமா? மனசு கேக்குமா? ஒண்ணு ரெண்டு கூட்டித்தான சொல்லணும்."

"கூட்ட வேண்டாம் அண்ணே" என்றாள் ஜெசிந்தா. "இதே போதும். அவ இதத்தான் ஆசைப்பட்டிருப்பா."

திரும்பி வரும் வண்டியில் அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். உப்புப் போட்டானாம். பழைய குழம்பு கேட்டானாம். கதவும் இல்லை, வீரமும் இல்லை. ஆனால் முப்பத்துநான்கு வருடத்தில் முதல்முறையாக அவன் அசல் ஆளாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது போலிருந்தது. இதில் ஒரு சொல் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. அப்படியே எழுதி வைக்க வேண்டும், அப்படியே ஸ்டெல்லாவுக்குச் சொல்ல வேண்டும். ஞாயிறு வரை பொறுக்கவில்லை. வண்டியிலிருந்தே நிலாவைக் கூப்பிட்டாள்.

நிலாவுக்குப் பேச்சு போய்ச்சேர ஒன்றேகால் நொடி, பதில் வர ஒன்றேகால் நொடி. ஜெசிந்தா மொத்தத்தையும் சொன்னாள். சோறு, உப்பு, குழம்பு, குளிர் அறை. சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். இரண்டரை நொடி ஆனது. மூன்று ஆனது. நான்கு ஆனது.

"அவ்வளவுதானாம்மா?" என்றாள் ஸ்டெல்லா. ஏழு வயதுக் குரல். "நம்மளப் பத்தி ஒண்ணுமே சொல்லலியா?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். இல்லடி, குழம்பப் பத்தித்தான் கேட்டார் என்று சொல்லத்தான் திறந்தாள்.

"சொன்னாரு" என்றாள். "'என்ன இருந்தாலும் சிந்தா வைக்கிற குழம்பு மாதிரி வராது'ன்னாராம்."

சொல் நிலாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றேகால் நொடி. பின்னாலேயே ஓடிப்போய் அதைப் பிடித்து இழுக்க ஒரு வழியும் கிடையாது. அந்தப் பக்கம் மகள் விசும்புவதும் சிரிப்பதும் சேர்ந்து வந்தது. ஜெசிந்தாவுக்கு அதைக் கேட்கக் கேட்க இனித்தது.

கொற்கை பதினெட்டாம் நாள் பேச்சை நிறுத்தியது. அன்று காலையும் படகு போகிறதா என்று கேட்டது, போகிறது என்றாள். ராயப்பனின் சாட்சியத்தை எழுதும் தாள் மேசையில் வெறுமையாகக் கிடந்தது. நாளைக்கு எழுதலாம் என்று வைத்தாள், எல்லாம் அப்படியே நெஞ்சில் இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா கூப்பிட்டாள். "அப்பா கதைய இன்னொரு தடவை சொல்லும்மா" என்றாள்.

ஜெசிந்தா சொன்னாள். இந்தத் தடவை குழம்பில் மாங்காயும் கிடந்தது.